மகளின் முதுகு வளைகிறது: வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கலாமா?

விருதுநகர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். வீட்டிலேயே மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். கணவருக்கு மளிகைக் கடை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 12 வயது முடிந்து எட்டு மாதம், இளையவளுக்கு 9 வயது. போன தீபாவளிக்கு மூத்தவளுக்குச் சுடிதார் தைத்தபோது கீழ் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நின்றிருக்கிறது. அளவெடுத்ததில் தப்பு என்று நினைத்து மடித்துத் தைத்துவிட்டார். பொங்கல் துணியிலும் அதே கதை. மூன்று மாதத்துக்கு முன் மகள் வயதுக்கு வந்தபோது, தண்ணீர் ஊற்றிய அத்தைதான் "இவளுக்கு வலது பக்கம் தோள்பட்டை ஏன் இப்படித் துருத்திக்கிட்டு நிக்குது?" என்று கேட்டிருக்கிறார்.

மதுரையில் ஒரு எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, கோணம் 29 டிகிரி, தினமும் 18 மணி நேரம் பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு) போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. எண்ணெய்க்கட்டு போடும் ஒரு வைத்தியரிடம் ஆறு வாரம் போயிருக்கிறார்கள். பிறகு வேறோர் இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் 25 டிகிரி என்று வந்திருக்கிறது. "குறைகிறதே, அப்புறம் எதற்கு அந்தக் கூடு?" என்பது மாமியாரின் கேள்வி. "வளர்ச்சி முடியட்டும். 18 வயதில் தேவைப்பட்டால் ஒரே ஆபரேஷனாகச் செய்துவிடலாம்" என்பது கணவரின் முடிவு. ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளையைச் சின்ன வயதில் ஒழுங்காக உட்கார வைக்காதது, ஒரே தோளில் பை மாட்ட விட்டது, தங்கையை இடுப்பில் தூக்க வைத்தது எல்லாம் தன் தவறுதானோ என்று தாய் தூக்கமில்லாமல் இருக்கிறார். இந்த விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற கவலை வேறு.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு இரண்டு எக்ஸ்ரேக்களின் படத்தையும் வைத்திருந்தீர்கள். அது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். மகளை நேரில் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதைப் படித்துவிட்டு முதுகெலும்பு மருத்துவர் ஒருவரிடம் மறுபடி போகத்தான் வேண்டும்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். உங்கள் மகளுக்கு இருப்பது பெரும்பாலும் 'ஸ்கோலியோசிஸ்' என்கிற பக்கவாட்டு வளைவில், பதின்ம வயதில் காரணம் தெரியாமல் வரும் வகை. பத்து டிகிரிக்கு மேற்பட்ட வளைவு, வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. லேசான வளைவில் ஆண், பெண் வித்தியாசம் அதிகமில்லை. சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகிறவர்களில் பெண் பிள்ளைகளே மிக அதிகம். மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு என்பது தெரியும். பை, உட்காரும் விதம், பால் குடிக்காதது, தங்கையைத் தூக்கியது எதுவும் இதைக் கொண்டுவருவதில்லை. கனமான பையால் தோளும் முதுகும் வலிக்கும். அதனால்தான் 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. அதைக் கடைப்பிடியுங்கள், நல்லதுதான். ஆனால் முதுகெலும்பை இப்படித் திருகி வளைக்கும் சக்தி பைக்குக் கிடையாது.

திருகி என்று சொன்னேன். அங்கேதான் நீங்கள் தைத்த சுடிதாரின் விடை இருக்கிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் மட்டும் சாய்வதில்லை. ஒவ்வொரு எலும்பும் தன் அச்சில் சற்றே திரும்புகிறது. அதோடு சேர்ந்து விலா எலும்புகளும் திரும்புவதால் ஒரு பக்கத் தோள்பட்டை பின்னால் தள்ளுகிறது, இடுப்பு மடிப்பு ஒரு பக்கம் ஆழமாகிறது, துணி ஒரு பக்கம் ஏறுகிறது. உங்கள் டேப் பொய் சொல்லவில்லை. தீபாவளிக்கே அது சரியாகத்தான் அளந்திருக்கிறது. இந்த வளைவைப் பல வீடுகளில் முதலில் பார்க்கிறவர் தையற்காரர்தான். இதை என் அனுபவத்தில் பல முறை கண்டிருக்கிறேன்.

உங்கள் மாமியார் இதைக் 'கூன்' என்கிறார். அவர் சிறு வயதில் பார்த்த யாரோ ஒருவரின் முதுகு அவர் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கூன் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் முன்வளைவு. நம் ஊரில் அந்தக் காலத்தில் அதற்குப் பெரிய காரணம் முதுகெலும்பைத் தாக்கும் காசநோய். வயதானவர்களுக்கு எலும்புத் தேய்மானத்தால் வருவதும் உண்டு. உங்கள் மகளுக்கு வந்திருப்பது வேறு. தொற்று எதுவும் இல்லை, யாருக்கும் பரவாது, எலும்பு உருகுவதும் இல்லை.

29 எப்படி 25 ஆனது?

உங்கள் வீட்டில் எல்லாரும் இந்த நாலு டிகிரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வளைவின் மேல் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்பையும் கீழ் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்பையும் எடுத்து, இரண்டுக்கும் கோடு போட்டு நடுவில் உள்ள கோணத்தை அளப்போம். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் விளக்கிய முறை என்பதால் 'காப் கோணம்' என்று பெயர். இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான் அளவுகோல். ஆனால் இது மனிதர் கோடு போட்டு அளக்கும் அளவு. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு மருத்துவர்கள் அளந்தால் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். காலையில் அளந்த நானே மாலையில் அளந்தாலும் இரண்டு மூன்று டிகிரி மாறும். அதனால் ஐந்து டிகிரிக்குக் குறைந்த மாற்றத்தை நாங்கள் ஏற்றம் என்றும் எடுத்துக்கொள்வதில்லை, இறக்கம் என்றும் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். முதல் எக்ஸ்ரே நின்றபடி எடுத்தது. இரண்டாவதில் ஓரத்தில் உள்ள குறியையும் வயிற்றுப் பகுதியின் தோற்றத்தையும் பார்த்தால் படுக்க வைத்து எடுத்தது போலத் தெரிகிறது. எடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நிற்கும்போது தலை, மார்பு, கை எல்லாவற்றின் பாரமும் வளைவின் மேல் இறங்குகிறது. படுத்தால் அந்தப் பாரம் போய்விடும், வளைவும் தானாகக் கொஞ்சம் நிமிரும். யாருக்கு எடுத்தாலும் படுத்த படத்தில் கோணம் குறைவாகத்தான் வரும். ஆக, அந்த நாலு டிகிரி எண்ணெயால் போனது என்று சொல்ல இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை.

எண்ணெய் தேய்ப்பதால் தசை தளரும், பிள்ளைக்கு இதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகை நெம்பி, திருப்பி, 'சொடக்கு' எடுப்பது வேண்டாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று ஏற்கனவே நடந்திருக்கிறது. ஆறு வாரம் போய்விட்டது. மற்ற வயதில் ஆறு வாரம் ஒன்றுமில்லை. உங்கள் மகளின் இந்த வயதில் அது பெரிய காலம். ஏன் என்று சொல்கிறேன்.

கோணத்தைவிட வளர்ச்சியே கணக்கு

உங்கள் கணவர் சொல்வது கேட்க நியாயமாக இருக்கிறது. மரம் வளர்ந்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது போல. என்னிடம் வரும் அப்பாக்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோயில் அது நேர் தலைகீழ். வளைவு கூடுவதே வளர்ச்சியின்போதுதான். பெண் பிள்ளைகள் மளமளவென்று உயரும் கட்டம் வயதுக்கு வருவதற்குச் சற்று முன் உச்சத்தில் இருக்கும். அதன் பிறகும் ஏறக்குறைய இரண்டு வருடம் வளர்ச்சி மெதுவாகத் தொடரும். உங்கள் மகள் வயதுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எக்ஸ்ரே அறிக்கையில் 'ரிஸ்ஸர் 0' என்று எழுதியிருப்பதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் வளர்ச்சி முடிய முடிய ஒரு தொப்பி போல எலும்பு படியும். அது எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை 0 முதல் 5 வரை குறிப்பார்கள். 0 என்றால் இன்னும் தொடங்கவே இல்லை. அதாவது அவளுக்கு வளர நிறைய பாக்கி இருக்கிறது.

29 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. வளர்ந்து முடித்த 20 வயதுப் பெண் ஒருத்தி 29 டிகிரியோடு வந்தால் அநேகமாக 'போய் வேலையைப் பாரம்மா' என்று அனுப்பிவிடுவேன். 30 டிகிரிக்குள் இருக்கும் வளைவு வளர்ச்சி முடிந்த பிறகு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஆனால் ரிஸ்ஸர் 0இல் உள்ள 29 வேறு கதை. 1984இல் அமெரிக்காவில் 700க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சிகிச்சை இல்லாமல் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று இன்றும் எங்களுக்குக் கைவிளக்கு. 20 முதல் 29 டிகிரி வரை வளைவும், ரிஸ்ஸர் 0 அல்லது 1உம் உள்ள பிள்ளைகளில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. அதே கோணத்தோடு ரிஸ்ஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் கூடியது. கோணம் ஒன்றே. மீதமிருக்கும் வளர்ச்சி வேறு.

50 டிகிரியைத் தாண்டிவிட்ட வளைவுக்கு இன்னொரு குணம் உண்டு. வளர்ச்சி நின்ற பிறகும் அது நிற்காமல் வருடத்துக்கு அரை டிகிரி, ஒரு டிகிரி என்று மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். 18 வயது வரை காத்திருந்தால் உங்கள் கணவர் நினைப்பது போல ஆபரேஷன் சுலபமாகாது. வளைவு பெரிதாகி, விறைத்துப் போய், ஆபரேஷன்தான் பெரிதாகும். பிரேஸ் என்ற வழியோ அப்போது அடைபட்டுப் போயிருக்கும். வளர்ச்சி நின்ற முதுகில் பிரேஸுக்கு வேலை இல்லை.

பிரேஸ் என்ன செய்யும்?

இங்கே ஒரு எதிர்பார்ப்பைத் திருத்த வேண்டும். பிரேஸ் முதுகை நேராக்கிவிடும் என்று நினைத்துப் போட்டால் ஒரு வருடத்தில் ஏமாந்துபோவீர்கள். 29 டிகிரியை 29 பக்கத்திலேயே பிடித்து வைத்து, வளர்ச்சி முடியும் கரை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை. அது நடந்தால் முழு வெற்றி.

இது வெறும் நம்பிக்கையா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. 20 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ள, வளர்ச்சி பாக்கி உள்ள பிள்ளைகள். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாமல் கவனிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். பிரேஸுக்குள் வெப்பத்தை அளக்கும் சிறு கருவி வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக நாளுக்கு சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். ஆறு மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிடப் பலன் ஒன்றும் இல்லை.

இந்த எண்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேஸ் இல்லாமலே ஏறக்குறைய பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மகளுக்கு அது தேவைப்படாமலே போயிருக்கலாம். முன்கூட்டி யார் என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அதுதான் சிக்கல். இருந்தாலும் ரிஸ்ஸர் 0, 29 டிகிரி, பெண் பிள்ளை என்று மூன்றும் சேர்ந்திருக்கும்போது என் மகளாக இருந்தால் போட்டுவிடுவேன். 'ஆறு மாதம் பார்ப்போம்' என்ற யோசனை 15 டிகிரிக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

பிரேஸ் என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் எலாஸ்டிக் பெல்ட்டுகளை வாங்கிவிடாதீர்கள். தோளைப் பின்னால் இழுக்கும் அந்த வார் இந்த வளைவை ஒன்றும் செய்யாது. இதற்கானது கெட்டியான பிளாஸ்டிக் கூடு. உடம்புக்கு அச்செடுத்து அல்லது ஸ்கேன் செய்து, வளைவின் உச்சியில் உள்ளிருந்து அழுத்தும் பட்டைகளும் எதிர்ப்பக்கம் இடைவெளியும் வைத்துச் செய்வார்கள். செய்து கொடுத்ததும் அதைப் போட்டபடியே ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே கோணம் பாதிக்குப் பாதி குறைந்தால் மிக நல்லது. கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் அந்தக் கூடு சரியில்லை, திருத்தித் தரச் சொல்லலாம். அதைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டாம். பிள்ளை வளர வளர அதைத் தளர்த்தவோ புதிதாகச் செய்யவோ வேண்டிவரும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த வளைவுக்கென்றே உள்ள பயிற்சிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் கத்தரினா ஷ்ரோத் தொடங்கிய முறை அதில் பெயர் பெற்றது. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் கிடைத்தால் பிரேஸோடு சேர்த்துச் செய்யலாம். பிரேஸுக்குப் பதிலாக என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கம்பியில் தொங்கினால் நேராகிவிடும் என்ற யூடியூப் வீடியோவில் தொங்கும் நேரத்துக்கு மட்டும் உண்மை இருக்கிறது.

ஆபரேஷனும் கால் விளங்காமல் போகும் பயமும்

இப்போது ஆபரேஷன் பேச்சே இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால்தான் பொதுவாக அதைப் பற்றி யோசிப்போம். முதுகெலும்புகளில் திருகாணி பதித்து, கம்பியால் இணைத்து நிமிர்த்தி, அந்தப் பகுதி எலும்புகள் ஒன்றாக ஒட்டிப் போகும்படி செய்வது. ஆபரேஷன் நடக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புச் செய்தியைக் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வகை வளைவில், அனுபவமுள்ள கைகளில், நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் நடப்பது மிக அபூர்வம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் விலை வேறு. ஒட்டிய பகுதி வாழ்நாளுக்கும் வளையாது. பிரேஸால் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கட்டாயம் வேண்டிவந்தால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அந்த மருத்துவமனையின் காப்பீட்டு முகப்பில் என்னென்ன சேரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரு வேலை செய்யலாம். இரண்டு எக்ஸ்ரேக்களையும் அறிக்கைகளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதியே சொல்கிறது. 'கொடுக்க மாட்டோம்' என்றால் எழுத்தில் கேளுங்கள். பழைய படம் கையில் இல்லாவிட்டால் ஒவ்வோர் இடத்திலும் புதிதாக எடுப்பார்கள். வளரும் பெண் பிள்ளைக்கு அவ்வளவு எக்ஸ்ரே வேண்டாம். எடுக்கும்போதும் நின்றபடி, முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். மார்பில் படும் அளவு அதில் குறையும்.

கல்யாணப் பேச்சு

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தலைப்பு வைத்து எழுதுவது எனக்கே கசக்கிறது. ஆனால் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம் இதற்கே போயிருக்கிறது. அதனால் சொல்கிறேன். இந்த வகை வளைவால் கருத்தரிப்பதோ பிரசவமோ தடைபடுவதில்லை. முதுகில் கம்பி வைத்தவர்கள் மட்டும் பிரசவத்துக்கு முன் மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லி வைக்க வேண்டும். முதுகில் ஊசி போடும் இடத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா என்றால், குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு சற்று கூடும். வந்தே தீரும் என்றில்லை. அமெரிக்காவில் அயோவாவில், சிகிச்சையே செய்துகொள்ளாத நோயாளிகளை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2003இல் எழுதினார்கள். முதுகுவலி மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, தோற்றம் பற்றிய மனக்குறை இருந்தது. மற்றபடி வேலை, குடும்பம், ஆயுள் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களில் பலருக்கு உங்கள் மகளைவிட மிகப் பெரிய வளைவு.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, பள்ளிக்கூட நேரத்தில் பிரேஸைக் கழற்றி வைக்கச் சொல்லுவீர்கள். வேலைநாளில் எட்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். மாலை டியூஷன், விருந்தாளி, கோயில் என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் ராத்திரி ஆறு மணி நேரம் போட்டுக்கொண்டு, 'பிரேஸ் போட்டும் கூடிவிட்டது டாக்டர்' என்று வருவீர்கள். மறைப்பது என்று முடிவு செய்தால் அதற்கு விலை கொடுப்பது அவள் முதுகுதான். உங்கள் மாமியாரிடம் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள், கோபித்துக்கொண்டால் என் பெயரில் போடுங்கள்.

அவள் கேட்ட ஒரே கேள்வி

ஆறு பக்கத்தில் உங்கள் மகள் பேசுவது ஒரே ஓர் இடத்தில். ஐந்தாம் பக்கத்தின் அடியில். 'நான் த்ரோபால் ஆடலாமான்னு மட்டும் கேளும்மா' என்றாளாம். விளையாட்டு ஆசிரியர் அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்.

ஆடலாம். ஓடலாம், குதிக்கலாம், நீந்தலாம். 18 மணி நேரம் போக மீதி ஆறு மணி நேரம் இதற்கும் குளிப்பதற்கும்தான். பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆடிவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளட்டும். 2009இல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்த உசேன் போல்ட்டுக்கும் இதே ஸ்கோலியோசிஸ் உண்டு என்று அவளிடம் சொல்லுங்கள். ஆசிரியருக்கு உங்கள் மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். 'கவனமாக இருக்கட்டும்' என்று பொதுவாக எழுதினால் மறுபடி ஓரத்தில்தான் உட்கார வைப்பார். 'எல்லா விளையாட்டிலும் கலந்துகொள்ளலாம், விளையாடும்போது பிரேஸைக் கழற்றலாம்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அம்மா அப்பாவைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பேன். ஒரு பெண் பிள்ளை, 'போடப்போறது நான்தானே சார், என்கிட்ட யாருமே கேக்கலையே' என்றாள். சட்டப்படி சம்மதக் கையெழுத்து பெற்றோருடையதுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு பட்டையைத் தளர்த்துவதா இறுக்குவதா என்று முடிவு செய்கிறவள் அவள். எக்ஸ்ரேயை அவளுக்குக் காட்டுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கழற்றி வைப்பது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். முதல் சில வாரம் அழுவாள். அழட்டும். அந்த நேரத்தில் 'உன் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

எப்போது உடனே போக வேண்டும்?

பள்ளி விட்டு வந்ததும் லேசாக முதுகு வலிப்பதாக எழுதியிருந்தீர்கள். அது சாதாரணம். ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, கால் மரத்துப் போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, சில மாதத்தில் வளைவு சட்டென்று கூடுவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காதீர்கள். முதுகின் நடுவில் கொத்தாக முடி, தோலில் காபி நிறத்தில் பல திட்டுகள் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் எம்ஆர்ஐ தேவைப்படலாம். மார்புப் பகுதியில் வலப்பக்கம் வளைவதே இந்த வகையில் வழக்கம். உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இளையவளையும் மறக்க வேண்டாம். மேல்சட்டை இல்லாமல் உங்களுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து முதுகின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். சாதாரணமாக இருந்தால் அவளுக்கு எக்ஸ்ரே எதுவும் வேண்டாம்.

மூத்தவளுக்கு நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நின்றபடி எக்ஸ்ரே, ஒவ்வொரு முறையும் உயரம் அளந்து எழுதி வைப்பது. உயரம் கூடுவது நின்று, வயதுக்கு வந்து இரண்டு வருடம் தாண்டி, ரிஸ்ஸர் 4க்கு வந்ததும் பிரேஸைப் படிப்படியாக நிறுத்துவார்கள். இப்போதிருந்து கணக்குப் போட்டால் இரண்டு, இரண்டரை வருடம்.

கடைசியாக, இதில் எங்களால் முடியாத, உங்களால் முடிந்த ஒரு வேலை இருக்கிறது. பிரேஸைக் கழற்றி எறிய வைப்பது பெரும்பாலும் வலி கிடையாது, வியர்வையும் அரிப்பும்தான். உள்ளே போட மெல்லிய பருத்தித் துணியில், உடம்போடு ஒட்டி, பிரேஸைவிட நாலு விரல் நீளமாக, கையில்லாத பனியன் தைத்துக் கொடுங்கள். அக்குளுக்குக் கீழே பக்கத் தையல் வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் தையலை வெளிப்பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுத்தும் இடத்தில் கோடு விழுந்து புண்ணாகும். உள்ளே பவுடர், கிரீம் எதுவும் போடாதீர்கள். கழற்றியதும் தோல் சிவந்திருந்து அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அல்லது கொப்புளம் வந்தால் பிரேஸ் செய்தவரிடம் காட்டி அந்த இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். சீருடையை ஒரு சுற்று பெரிதாகத் தைத்துவிடுங்கள். இந்த முறை அளவெடுக்கும்போது பிரேஸைப் போட்டு நிற்க வைத்து எடுங்கள். குறைந்தது ஆறு பனியன் தைத்து வையுங்கள், உங்கள் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு மாற்ற வேண்டியிருக்கும்.